99.5 சதவீதத் தேர்ச்சி சொல்லாதது என்ன? கேரள எல்லையோரத் தமிழ்வழி அரசு உயர்நிலைப் பள்ளிகள்: முழு விவரம்

பாலக்காடு/இடுக்கி: கேரளத்தில் 2025ஆம் ஆண்டு எஸ்எஸ்எல்சி எனப்படும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதிய 4,26,697 மாணவர்களில் 4,24,583 பேர் உயர்கல்விக்குத் தகுதி பெற்றனர். தேர்ச்சி விகிதம் 99.5 சதவீதம். ஏறத்தாழ அனைவரும் தேர்ச்சி பெறும் இத்தேர்வில், தமிழகத்தை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழ்வழி மாணவர்கள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதை இந்த ஒற்றை எண்ணைக் கொண்டு அறிய முடியாது.

தேர்வுக்கு முன்பு, எந்தப் பயிற்றுமொழியில் எத்தனை பேர் தேர்வு எழுதுகின்றனர் என்ற கணக்கைக் கேரள அரசு வெளியிடுகிறது. முடிவுகள் வெளியாகும்போது முதன்மை அறிவிப்பில் இடம்பெறுபவை மாநிலம், வருவாய் மாவட்டம், கல்வி மாவட்டம் ஆகியவற்றின் விகிதங்களே. தமிழ்வழி மாணவர்களின் எண்ணிக்கையோ மாநில மொத்தத்தில் அரை சதவீத அளவுதான். அவர்களிடையே தேர்ச்சி கூடினாலும் குறைந்தாலும் மாநில சராசரியில் அது தெரிவதில்லை.

எழுத்துத் தேர்வில் ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தபட்ச மதிப்பெண் கட்டாயம் என்ற விதி, அறிவிக்கப்பட்ட அட்டவணைப்படி 2026-27 கல்வியாண்டில் பத்தாம் வகுப்புக்கு வருகிறது. இந்நிலையில், எல்லையோரப் பள்ளிகளின் மக்கள்தொகைப் பின்னணி, தேர்ச்சி கணக்கிடப்படும் முறை, மாணவர் எண்ணிக்கைக்கும் ஆசிரியர் பணியிடத்துக்கும் உள்ள தொடர்பு ஆகியவற்றை இத்தொகுப்பு விளக்குகிறது.

முக்கியத் தகவல்கள்

* 2020ஆம் ஆண்டு எஸ்எஸ்எல்சி தேர்வுக்குத் தமிழ்வழியில் பதிவு செய்தவர்கள் 2,377 பேர். 2022ஆம் ஆண்டில் 2,151 பேர்.

* 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 5 லட்சம் பேர். மாநில மக்கள்தொகையில் சுமார் 1.5 சதவீதம்.

* இடுக்கி மாவட்ட மக்கள்தொகையில் தமிழர்கள் சுமார் 17 சதவீதம். பாலக்காட்டில் சுமார் 5 சதவீதம்.

* 2025இல் எட்டாம் வகுப்பில் குறைந்தபட்ச மதிப்பெண் விதி முதன்முறையாக நடைமுறைப்படுத்தப்பட்டபோது, சுமார் 21 சதவீத மாணவர்கள் குறைந்தது ஒரு பாடத்தில் அந்த மதிப்பெண்ணை எட்டவில்லை.

எல்லைக்கோடு உருவான வரலாறு

மொழிவாரி மாநிலங்கள் அமைக்கப்பட்டபோது, 1956 நவம்பர் 1 அன்று கேரளம் உருவானது. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 வட்டங்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்திலேயே நீடித்தன. அங்குள்ள தமிழர்களில் பெரும்பகுதியினர் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்து சென்றவர்கள் என்பதும், அம்மலைப்பகுதியின் பொருளாதார முக்கியத்துவமும் மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் பரிந்துரையில் இடம்பெற்ற காரணங்களாகும்.

பழைய மலபார் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, 1957 ஜனவரி 1 அன்று பாலக்காடு மாவட்டம் உருவானது. முன்பு கொச்சி அரசின் கீழ் இருந்த சிற்றூர் வட்டம் அதன் ஒரு பகுதியாயிற்று. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களை உள்ளடக்கிய இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26 அன்று அமைக்கப்பட்டது. இரு மாவட்டங்களும் ஒன்றையொன்று ஒட்டியவை அல்ல. எனினும் இரண்டின் கிழக்கு எல்லையும் தமிழகமே. பாலக்காட்டுக்கு அப்பால் கோயம்புத்தூரும், இடுக்கிக்கு அப்பால் தேனி, திருப்பூர், கோயம்புத்தூர் உள்ளிட்ட மாவட்டங்களும் அமைந்துள்ளன.

நான்கு வகைத் தமிழ்ப் பகுதிகள்

எல்லையோரத் தமிழ்வழிப் பள்ளிகளில் படிப்போர் ஒரே பின்னணியைச் சேர்ந்தவர்கள் அல்லர். அவர்கள் வாழும் பகுதிகளை நான்காக வகைப்படுத்தலாம்.

முதலாவது, சிற்றூர் வட்டத்தின் சமவெளிக் கிராமங்கள். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, முதலமடை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் ஆகிய ஊர்களில் தமிழ் பேசும் விவசாயக் குடும்பங்களும் விவசாயக் கூலித் தொழிலாளர்களும் தலைமுறைகளாக வாழ்கின்றனர். இவர்களுக்குச் சந்தை, மருத்துவமனை, உறவினர் வீடு என அன்றாடத் தொடர்புகள் பொள்ளாச்சி, கோயம்புத்தூர் வரை நீள்கின்றன.

இரண்டாவது, மறையூர், காந்தளூர் உள்ளிட்ட அஞ்சுநாட்டுக் கிராமங்களும் வட்டவடையும். தோட்டங்கள் வருவதற்கு முன்பே இங்குத் தமிழ் மக்கள் வேளாண்மை செய்து வந்தனர். மதுரைப் பகுதியிலிருந்து முன்னோர் குடிபெயர்ந்து வந்ததாக இவ்வூர்களின் மரபுவழிச் செய்திகள் கூறுகின்றன.

மூன்றாவது, தோட்டப் பகுதி. பூஞ்சாறு அரச குடும்பம் 1877இல் ஜான் டேனியல் மன்றோவுக்குக் கண்ணன் தேவன் மலைநிலத்தைக் குத்தகைக்கு அளித்த பின்னர், மூணாற்றைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்கள் விரிந்தன. திருநெல்வேலி, மதுரை முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிகள் மூலம் தொழிலாளர்கள் அழைத்து வரப்பட்டனர். இவர்களில் பெரும்பாலோர் பட்டியலினத்தவர். பீர்மேடு, வண்டிப்பெரியாறு பகுதித் தேயிலைத் தோட்டங்களிலும் உடும்பன்சோலை வட்டத்தின் ஏலத் தோட்டங்களிலும் இதே நிலைதான். லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளே இன்றும் தோட்டத் தொழிலாளர்களின் குடியிருப்பு.

நான்காவது, பழங்குடியினர் பகுதிகள். பாலக்காட்டின் அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் சமூகத்தினரும், தேவிகுளம் வட்டத்தில் முதுவர் சமூகத்தினரும் வாழ்கின்றனர். இவர்களுக்கென தனி மொழிகள் உள்ளன. அவை தமிழுக்கும் மலையாளத்துக்கும் நெருக்கமானவை என்றாலும், பள்ளியின் பயிற்றுமொழி இக்குழந்தைகளுக்கு வீட்டு மொழி அன்று.

கணக்கெடுப்பு காட்டும் சித்திரம்

இடுக்கி மாவட்டத்தின் மக்கள்தொகை 2001இல் 11,29,221 ஆக இருந்தது. 2011இல் அது 11,08,974 ஆகக் குறைந்தது. பத்தாண்டுகளில் ஏறத்தாழ 1.8 சதவீதச் சரிவு. மாவட்ட மக்களில் 95 சதவீதத்துக்கும் அதிகமானோர் ஊரகப் பகுதிகளில் வசிக்கின்றனர். பட்டியலினத்தவர் சுமார் 13 சதவீதம். பழங்குடியினர் சுமார் 5 சதவீதம். மாநில அளவில் இவ்விகிதங்கள் முறையே சுமார் 9 சதவீதமும் ஒன்றரை சதவீதமும் ஆகும்.

28,09,934 மக்கள்தொகை கொண்ட பாலக்காட்டில் பட்டியலினத்தவர் 14 சதவீதத்துக்கும் அதிகம். அம்மாவட்டத்தின் எழுத்தறிவு விகிதம் 89.3 சதவீதம். கேரளத்தின் 94 சதவீதச் சராசரியை விட இது குறைவு. இடுக்கியின் எழுத்தறிவு சுமார் 92 சதவீதம்.

மாநில மக்களில் தமிழர்கள் சுமார் 1.5 சதவீதமாக இருந்தும், எஸ்எஸ்எல்சி தேர்வைத் தமிழ்வழியில் எழுதுவோர் சுமார் 0.5 சதவீதம் மட்டுமே. வயதுப் பிரிவு வாரியான ஒப்பீடு அல்ல என்பதால் இதை நேரடியாகப் பொருத்திப் பார்க்க இயலாது. இருப்பினும், தமிழ்க் குடும்பங்களின் குழந்தைகளில் கணிசமானோர் ஆங்கில வழியிலோ மலையாள வழியிலோ, எல்லையைக் கடந்து தமிழகப் பள்ளிகளிலோ படிக்கின்றனர் என்பதை இது உணர்த்துகிறது.

ஆங்கில வழி நோக்கிய நகர்வு தமிழ்ப் பகுதிகளில் மட்டும் காணப்படுவதன்று. 2020இல் மலையாள வழியில் 2,17,184 பேரும் ஆங்கில வழியில் 2,01,259 பேரும் பதிவு செய்தனர். 2022இல் மலையாள வழியில் 1,91,787 பேர், ஆங்கில வழியில் 2,31,604 பேர் என அந்த வரிசை தலைகீழானது. அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் இயங்குவதால், ஒரே பள்ளி வளாகத்துக்குள் தமிழ்வழிப் பிரிவு சுருங்குகிறது.

தேர்ச்சி எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

கேரளத்தில் 8 முதல் 10 வரையிலான வகுப்புகளே உயர்நிலைப் பள்ளி நிலை. எஸ்எஸ்எல்சி தேர்வில் 2005 முதல் மதிப்பெண்ணுக்குப் பதிலாகத் தரநிலை முறை பின்பற்றப்படுகிறது. 90 சதவீதமும் அதற்கு மேலும் பெற்றால் 'ஏ பிளஸ்'. உயர்கல்வித் தகுதிக்கு ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது 'டி பிளஸ்', அதாவது 30 சதவீதம் தேவை.

ஆங்கிலம், கணிதம், சமூக அறிவியல் ஆகிய பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண், பள்ளியே வழங்கும் தொடர் மதிப்பீட்டுக்கு 20 மதிப்பெண். மொழிப் பாடங்கள், இந்தி, இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றில் இது 40 மற்றும் 10. இதுவரை இரண்டையும் கூட்டியே 30 சதவீதம் கணக்கிடப்பட்டது. தொடர் மதிப்பீட்டில் 20க்கு 20 பெற்ற மாணவர், கணிதத் தாளில் 80க்கு 10 பெற்றாலே தகுதி பெற்றுவிடுவார்.

எனவே, தேர்ச்சி விகிதத்தை விடத் தரநிலைப் பரவலே மாணவர்களின் உண்மையான நிலையைக் காட்டும். 2025இல் அனைத்துப் பாடங்களிலும் 'ஏ பிளஸ்' பெற்றவர்கள் 61,449 பேர். தேர்வு எழுதியோரில் இது சுமார் 14 சதவீதம். கரோனா காலத்தில் நடைபெற்ற 2021ஆம் ஆண்டுத் தேர்வில் இவ்வெண்ணிக்கை 1,21,318 ஆக உயர்ந்து, அடுத்த ஆண்டே 44,363 ஆகக் குறைந்தது. இதே இரண்டு ஆண்டுகளில் தேர்ச்சி விகிதம் 99.47 சதவீதத்திலிருந்து 99.26 சதவீதமாக மட்டுமே மாறியது. தரநிலைகள் பெரிதும் ஏறி இறங்கியபோதும் தேர்ச்சி விகிதம் ஏறத்தாழ அசையவில்லை என்பதற்கு இதுவே சான்று.

சிறிய பள்ளிகளின் விகிதத்தைப் படிக்கும்போது கூடுதல் கவனம் தேவை. 12 மாணவர்கள் மட்டுமே தேர்வு எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினால் தேர்ச்சி 91.7 சதவீதமாகிவிடும். 8 பேர் எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினால் 87.5 சதவீதம். 300 பேர் எழுதும் நகரப் பள்ளியில் ஒருவர் தவறினாலும் 99.7 சதவீதம் நிலைக்கும். ஓர் ஆண்டின் '100 சதவீதம்' சாதனையாகவோ, மறு ஆண்டின் சரிவு வீழ்ச்சியாகவோ சிறிய பள்ளியில் பொருள் தராது. ஐந்தாறு ஆண்டுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தால் மட்டுமே பள்ளியின் போக்கு புலப்படும்.

குறைந்தபட்ச மதிப்பெண்: மாறப்போவது என்ன?

எழுத்துத் தேர்வில் மட்டும் தனியாக 30 சதவீதம் பெற வேண்டும் என்ற முறையைப் படிப்படியாகக் கொண்டுவர 2024 ஆகஸ்டில் கேரள அமைச்சரவை முடிவு செய்தது. 2024-25இல் எட்டாம் வகுப்பு, 2025-26இல் ஒன்பதாம் வகுப்பு, 2026-27இல் பத்தாம் வகுப்பு என்பது அதன் கால அட்டவணை. இதன்படி 80 மதிப்பெண் தாளில் 24, 40 மதிப்பெண் தாளில் 12 பெறுவது கட்டாயமாகும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் 10 மதிப்பெண்ணுடன் தகுதி பெற்ற மாணவருக்கு இனி மேலும் 14 மதிப்பெண் தேவைப்படும்.

எட்டாம் வகுப்பில் முதன்முறையாக இம்முறை நடைமுறைப்படுத்தப்பட்டபோது, சுமார் 21 சதவீத மாணவர்கள் குறைந்தது ஒரு பாடத்தில் பின்தங்கியதாக 2025 ஏப்ரலில் அரசு அறிவித்தது. மிக அதிகமானோர் பின்தங்கிய பாடம் இந்தி. அவர்களுக்குக் கோடை விடுமுறையில் சிறப்பு வகுப்புகளும் மறுதேர்வும் நடத்தப்பட்டன. பத்தாம் வகுப்பில் அரை சதவீதத்தினரே தவறும் மாநிலத்தில், எட்டாம் வகுப்பில் ஐந்தில் ஒருவர் ஏதேனும் ஒரு பாடத்தில் பின்தங்கியிருக்கிறார்.

எல்லையோர மாணவர்களுக்கு இது கூடுதல் அழுத்தம் தரும். தமிழ்வழியில் பயிலும் மாணவர் தமிழ், ஆங்கிலம், இந்தி ஆகிய மொழிப் பாடங்களைப் படிக்கிறார். வெளியில் அரசு அலுவலகம், பேருந்து, மருத்துவமனை எனப் பல இடங்களில் மலையாளத்தைக் கையாள்கிறார். முதுவர் அல்லது இருளர் குழந்தைக்கு வீட்டு மொழி இவற்றுக்கு அப்பாற்பட்டது. இந்தியை வீட்டிலோ ஊரிலோ கேட்கும் வாய்ப்பு இவர்களில் பெரும்பாலோருக்கு இல்லை.

மாணவர் எண்ணிக்கையும் ஆசிரியர் பணியிடமும்

கேரளக் கல்வி விதிகளின்படி, ஜூன் மாதம் பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளில் எடுக்கப்படும் மாணவர் கணக்கே அந்த ஆண்டின் பிரிவுகளையும் ஆசிரியர் பணியிடங்களையும் தீர்மானிக்கிறது. வகுப்புக்குச் சராசரியாக 15 மாணவர்களுக்கும் குறைவாக உள்ள பள்ளிகள் போதிய மாணவர் எண்ணிக்கை இல்லாதவை என வகைப்படுத்தப்படுகின்றன. இவ்விதிகள் மாநிலம் முழுவதற்கும் பொதுவானவை. ஆனால் தமிழ்வழிப் பிரிவில் அவற்றின் விளைவு வேறு.

மலையாள வழிப் பள்ளியில் ஓர் ஆசிரியர் பணியிடம் குறைந்தால் அருகிலுள்ள மற்றொரு பள்ளியில் மாணவர் சேரலாம். தமிழ்வழிப் பிரிவு மூடப்பட்டால் அடுத்த தமிழ்வழி உயர்நிலைப் பள்ளி பல கிலோமீட்டருக்கு அப்பால், சில இடங்களில் மலைச்சரிவின் மறுபுறம் இருக்கும். தமிழ்வழியில் கணிதம், அறிவியல், சமூக அறிவியல் கற்பிக்க கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் தனி ஆசிரியர் பணியிடங்களை அறிவித்துத் தேர்வு நடத்துகிறது. தமிழ்வழியில் கற்பிக்கும் தகுதியும் மலைப்பகுதியில் தங்கிப் பணியாற்றும் விருப்பமும் ஒருங்கே கொண்டவர்கள் குறைவு என்பதால், காலியிடங்கள் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு நிரப்பப்படுகின்றன. கல்வியாண்டின் நடுவே ஆசிரியர் மாறினால், கணிதம் போன்ற பாடங்களில் அதன் பாதிப்பு எழுத்துத் தேர்வில் நேரடியாக வெளிப்படும்.

தோட்டப் பகுதிகளில் மாணவர் எண்ணிக்கை குறைவதற்குப் பொருளாதாரக் காரணங்கள் உள்ளன. 2000ஆம் ஆண்டையொட்டி ஏற்பட்ட தேயிலை விலைச் சரிவில் பீர்மேடு வட்டத்தில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. குடும்பங்கள் வேலை தேடி வெளியேறின. மூணாற்றில் பணி ஓய்வு பெறும் தொழிலாளி லயத்தை விட்டு வெளியேற வேண்டும். சொந்த நிலமோ வீடோ இல்லாத நிலையில் பல குடும்பங்கள் தமிழகத்துக்குத் திரும்புகின்றன. குறைந்த கூலிக்கும் போனஸ் குறைப்புக்கும் எதிராக 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள் நடத்திய 'பெண்கள் ஒற்றுமை' போராட்டம், இக்குடும்பங்களின் வாழ்நிலையை நாடறியச் செய்தது.

தோட்ட வேலைக்குத் தமிழகத்திலிருந்து புதிதாக வருவோர் குறைந்துள்ளனர். ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கம் போன்ற மாநிலங்களின் தொழிலாளர்கள் அவ்விடங்களை நிரப்புகின்றனர். ஏலத் தோட்டங்களுக்குப் போடிநாயக்கனூர், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களிலிருந்து ஜீப்பில் வரும் தொழிலாளர்கள் மாலையில் வீடு திரும்பிவிடுகின்றனர். அவர்களின் குழந்தைகள் தேனி மாவட்டப் பள்ளிகளில் படிக்கின்றனர். தோட்டத்தில் வேலை நடக்கிறது. தோட்டப் பள்ளியில் தமிழ் மாணவர் சேர்க்கை குறைகிறது.

பள்ளிக்குச் செல்லும் வழி

இடுக்கியில் தூரம் கிலோமீட்டரால் மட்டும் அளக்கப்படுவதில்லை. மூணாற்றிலிருந்து வட்டவடை சுமார் 45 கிலோமீட்டர். மறையூர் சுமார் 40 கிலோமீட்டர். பெரும்பாலான எஸ்டேட்களில் தொடக்கப் பள்ளி மட்டுமே உண்டு. எட்டாம் வகுப்புக்கு மாணவர்கள் நகரப் பள்ளிக்குச் செல்ல வேண்டும் அல்லது விடுதியில் தங்க வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவால் சாலை அடைபடுவதும், சின்னக்கானல் போன்ற பகுதிகளில் காட்டு யானை நடமாட்டமும் வருகைப் பதிவைப் பாதிக்கின்றன.

2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலை பெட்டிமுடியில் நேரிட்ட நிலச்சரிவில் லயங்கள் புதைந்து 70 பேர் உயிரிழந்தனர். உயிரிழந்தவர்களில் பள்ளி மாணவர்களும் அடங்குவர். அதே காலகட்டத்தில் பள்ளிகள் மூடப்பட்டு, கைட் நிறுவனத்தின் விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாக 2020 ஜூன் 1 முதல் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் நடத்தப்பட்டன. தமிழ்வழி வகுப்புகளும் தயாரிக்கப்பட்டன. எனினும் கைபேசி இணைப்பு எட்டாத எஸ்டேட்களின் மாணவர்கள், இணைப்பு கிடைக்கும் மேடுகளைத் தேடிச் சென்று பாடம் கேட்க வேண்டியிருந்தது.

பாலக்காட்டின் பரம்பிக்குளம் மற்றோர் எடுத்துக்காட்டு. முதலமடை ஊராட்சியைச் சேர்ந்த அப்பகுதிக்குச் சாலை வழியாகச் செல்ல, தமிழகத்துக்குள் நுழைந்து சேத்துமடை, டாப்சிலிப் வழியாகவே செல்ல வேண்டும்.

பழங்குடி மாணவர்கள்

கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலைக்குடி 2010இல் உருவாக்கப்பட்டது. முதுவர் சமூகத்தினர் சிதறி வாழும் அங்கு, உயர்நிலைக் கல்விக்கு மாணவர்கள் வெளியூர் விடுதிகளைச் சார்ந்துள்ளனர். மூணாற்றில் பழங்குடி மாணவர்களுக்கான மாதிரி உறைவிடப் பள்ளி இயங்குகிறது. அட்டப்பாடியில் அகளி, புதூர், சோளையூர் ஆகிய 3 ஊராட்சிகள் உள்ளன. 2022 முதல் அது தனி வட்டமாகச் செயல்படுகிறது. தாய்மொழி அறிந்த பழங்குடி இளைஞர்களைத் தொடக்க வகுப்புகளில் வழிகாட்டி ஆசிரியர்களாக நியமிக்கும் திட்டமும், தொலைதூரக் குடியிருப்புகளிலிருந்து மாணவர்களை வாகனத்தில் அழைத்துவரும் 'வித்யா வாகினி' திட்டமும் இடைநிற்றலைக் குறைக்கும் நோக்கில் செயல்படுத்தப்படுகின்றன.

சாதிச் சான்றிதழ் சிக்கல்

பத்தாம் வகுப்புக்குப் பின் கல்வி உதவித்தொகைக்கும் இடஒதுக்கீட்டுக்கும் சாதிச் சான்றிதழ் அடிப்படை ஆவணம். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைக்கு முன்பே முன்னோர் கேரளப் பகுதியில் குடியேறியதை நிறுவினால்தான் பட்டியலினச் சான்றிதழ் கிடைக்கும். தலைமுறைகளாக லயங்களில் வாழ்ந்த குடும்பங்களிடம் நிலப்பட்டாவோ வரி ரசீதோ இருப்பதில்லை. தோட்டப் பதிவேடு, பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு போன்றவையே சான்றுகளாகின்றன.

இதன் தீவிரத்தை தேவிகுளம் தனித்தொகுதி வழக்கு வெளிப்படுத்தியது. 2021 தேர்தலில் வென்று தமிழில் உறுதிமொழி ஏற்ற ஏ.ராஜாவின் பட்டியலினத் தகுதி கேள்விக்குள்ளாகி, 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அவரது வெற்றியை ரத்து செய்தது. 2025 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, அவரது வெற்றியை உறுதி செய்தது. சட்டமன்ற உறுப்பினருக்கே உச்ச நீதிமன்றம் வரை நீண்ட இக்கேள்வி, ஆவணமற்ற தொழிலாளர் குடும்பத்து மாணவருக்கு எத்தகைய தடையாகும் என்பது விளக்கம் வேண்டாதது.

பத்தாம் வகுப்புக்குப் பின்

பிளஸ் 1 சேர்க்கை எஸ்எஸ்எல்சி தரநிலைகளின் அடிப்படையில் ஒற்றைச் சாளர முறையில் நடைபெறுகிறது. தேர்ச்சி மட்டும் பெற்றவருக்கு விரும்பிய பாடப்பிரிவு கிடைக்கும் உறுதி இல்லை. மேல்நிலை வகுப்புகளில் தமிழை இரண்டாம் மொழியாகத் தேர்ந்தெடுக்க முடியும். மற்ற பாடங்களின் பயிற்றுமொழி ஆங்கிலம். பத்தாண்டுகள் தமிழில் அறிவியல் கற்ற மாணவர் அதே ஆண்டில் ஆங்கிலத்துக்கு மாற வேண்டியிருக்கிறது. கல்லூரி நிலையில் 1947இல் தொடங்கப்பட்ட சிற்றூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை இயங்குகிறது.

எல்லைக்கு மறுபுறம் உள்ள சலுகைகளும் பெற்றோரின் முடிவைப் பாதிக்கின்றன. தமிழக அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்தோருக்கு 2020 முதல் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் 'புதுமைப்பெண்' திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான 'தமிழ்ப்புதல்வன்' திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. கேரளத்தின் தமிழ்வழி அரசுப் பள்ளியில் படித்தவர் மருத்துவ உள் ஒதுக்கீட்டைப் பெற முடியாது. ஆறாம் வகுப்பிலேயே பள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நெருக்கடி எல்லையோரப் பெற்றோருக்கு ஏற்படுகிறது.

சட்டம் வழங்கும் பாதுகாப்பு

மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கான வசதிகளை வழங்க மாநிலங்கள் முயல வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 350ஏ பிரிவு. 1956ஆம் ஆண்டு ஏழாவது திருத்தத்தின் மூலம் இது சேர்க்கப்பட்டது. பள்ளியில் 40 அல்லது வகுப்பில் 10 மாணவர்கள் இருந்தால் தொடக்க நிலையில் தாய்மொழி வழியில் கற்பிக்கலாம் என்ற அளவுகோல் 1949இலேயே வகுக்கப்பட்டது. உயர்நிலைக் கல்வி 350ஏ பிரிவின் வரம்புக்குள் வருவதில்லை. எனவே எட்டாம் வகுப்பு முதல் தமிழ்வழிக் கல்வி நீடிப்பது பெரிதும் மாநில அரசின் கொள்கையையும் மாணவர் எண்ணிக்கையையும் பொறுத்தது.

பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தாய்மொழியுடன் மலையாளம் கற்கும் வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும் என்று கூறுகிறது. அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளில் தமிழில் வினாத்தாள் வழங்கப்படுகிறது. பாடநூல்களும் தமிழில் வெளியாகின்றன. 2024-25, 2025-26 கல்வியாண்டுகளில் பாடத்திட்டம் இரு கட்டங்களாகத் திருத்தப்பட்டதால், புதிய நூல்கள் பள்ளி திறக்கும்போதே தமிழிலும் கைக்கு வருவது இம்மாணவர்களுக்கு முக்கியமானதாகிறது.

கவனிக்க வேண்டியவை

எல்லையோரப் பள்ளியின் செயல்பாட்டை அறிய விரும்பும் பெற்றோரும் ஊராட்சிப் பிரதிநிதிகளும் தேர்ச்சி விகிதத்துடன் வேறு சில விவரங்களையும் கேட்டறியலாம். எட்டாம் வகுப்பில் சேர்ந்த எத்தனை பேர் அதே பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினர். எழுத்துத் தேர்வில் மட்டும் 30 சதவீதத்தை எட்டாதோர் எந்தப் பாடத்தில் அதிகம். ஆண்டு முழுவதும் நிரந்தர ஆசிரியர் இருந்த பாடங்கள் எவை. தேர்ச்சி பெற்றோரில் பிளஸ் 1 சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பவையே அவை. இவை அனைத்தும் பள்ளிப் பதிவேடுகளிலிருந்து தொகுக்கக்கூடிய விவரங்கள்.

2026-27 கல்வியாண்டின் இறுதியில் புதிய விதியின்கீழ் எஸ்எஸ்எல்சி தேர்வை எழுத உள்ளவர்கள், 2024-25இல் எட்டாம் வகுப்பில் முதன்முறையாக இம்முறையைச் சந்தித்த அதே மாணவர்களே. அத்தேர்வின் முடிவுகள் பயிற்றுமொழி வாரியாகவும் வெளியிடப்பட்டால், எல்லையோரத் தமிழ்வழிப் பள்ளிகளின் உண்மை நிலை முதன்முறையாகத் தெளிவாகும். அவ்வாறு வெளியிடப்படாவிட்டால், சுமார் 2,000 மாணவர்களின் வெற்றியும் பின்னடைவும் 4 லட்சத்துக்கும் அதிகமானோரின் சராசரியில் மறைந்துபோகும்.